மணல் தங்கச்சி

மார்ச் 6

அண்ணிக்கு,

நலம் விசாரித்து எழுத வேண்டும். கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மகளை என்னிடம் திருப்பிக் கொடுங்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போன அன்று வண்டிக் கதவைச் சாத்தும்போது நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "இவள உன் கையில விட்டுட்டுப் போனா என் தம்பி ஆவி என்னை விடாது." அக்கம்பக்கத்தார் எல்லோரும் கேட்டார்கள். குளியலறையில் அவள் என் கையிலிருந்து நழுவியது உண்மை. மோவாயில் தையல் போட்டதும் உண்மை. ஆனால் நான் அவளை விடவில்லை அண்ணி. கை தானாக விட்டது. அவர் போனதிலிருந்து என் கையும் காலும் என் பேச்சைக் கேட்பதில்லை.

பிறந்ததிலிருந்து கால் நிற்காத பிள்ளை. பதிமூன்று வயது வரை அவர்தான் தூக்கினார். மில்லில் நாள் பூராவும் மாவு மூட்டை ஏற்றிவிட்டு வருவார். வந்ததும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று அவளைத் தூக்கிக்கொண்டு, "மகாராணி கிளம்பியாச்சு, வழி விடுங்க" என்று கத்துவார். அதனால்தானே அவளுக்கு அந்தப் பெயரே வந்தது. நான் கிட்டே போனால், "பஞ்சு மூட்டைடி இவ. நீ உன் தையலப் பாரு" என்பார். நானும் அதே மில்லில் மூட்டை வாய் தைக்கிறவள்தான். ஒரு மூட்டையையும் தூக்க விட்டதில்லை. நானும் பஞ்சு என்றே நம்பியிருந்தேன்.

ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. இப்போது இவளும் இல்லை. வீட்டில் நாற்காலி மட்டும் இருக்கிறது.

உங்கள் தம்பி மனைவி

---

மார்ச் 15

தம்பி பெண்டாட்டிக்கு,

உன் மகளை நான் பிடித்து வைத்திருப்பதாக நினைக்கிறாய். வந்து கூட்டிக்கொண்டு போ. யார் வேண்டாம் என்றது?

ஒரே ஒரு நிபந்தனை. என் வீட்டு நாற்காலியிலிருந்து நீயே அவளைத் தூக்கி, வாசல் படி இறங்கி, வண்டியில் உட்காரவைக்க வேண்டும். நாங்கள் யாரும் கை கொடுக்க மாட்டோம். அங்கே போனால் உனக்குக் கை கொடுக்க யார் இருக்கிறார்கள்? அதற்காகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி மெஷினில் எடை போட்டுப் பார்த்தேன், முப்பது கிலோ. இங்கே நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறோம். நான் தோள் பக்கம், என் வீட்டுக்காரர் கால் பக்கம். அதற்கே மனுஷர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பி எப்படிடி தனியா தூக்கினான்?" என்று கேட்கிறார்.

கை பேச்சைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று மறந்துவிட்டாயா? ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற ஹாலைப் பெருக்கித் துடைக்கிறவள் நான். ஸ்பூன் பிடிக்க முடியாமல் வருகிறவர்கள், கொஞ்ச நாளில் சட்டைப் பொத்தானைத் தாங்களே போட்டுக்கொண்டு வெளியே போகிறார்கள். ஒவ்வொரு முறையும் துடைப்பத்தை நிறுத்திவிட்டு நின்று பார்க்கிறேன். உடம்பு திரும்பி வரும். நீ கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சிச் சாமான் விற்கிற கடைப் பக்கம் போகாதே. எங்கள் ஹாலில் இருக்கிற ஒரு சாமான் விலைக்கு உன் வீட்டுப் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் போட வேண்டும். அத்தனை சாமானும் என்னவென்று பார்த்தால், ஒரு கனம், ஒரு கயிறு, ஒரு இழுவை. மணலைப் பையில் போட்டுத் தைத்தால் கனம். துணிக் கொடி கட்டுகிற கப்பியைக் கதவுக்கு மேலே மாட்டினால் கயிறு. ஓட்டை சைக்கிள் ட்யூப் இழுவை. மணல் இரண்டு கிலோவில் ஆரம்பி. சுலபமானால் இன்னும் இரண்டு கூட்டு. முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு. கனத்தை நெஞ்சோடு அணை.

சாப்பிடு. உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

உன் நாத்தனார்

---

ஏப்ரல் 9

அண்ணிக்கு,

நீங்கள் போகாதே என்றதால் போனேன். கடையில் விலை கேட்டேன். அந்தப் பையன், "யாருக்கும்மா, உங்க வீட்டுக்காரருக்கா?" என்றான். படி இறங்கித் திரும்பி நடந்துவிட்டேன்.

சைக்கிள் கடைக்காரர் ஓட்டை ட்யூப்களைச் சும்மாவே கொடுத்தார். "எதுக்கு?" என்றார். "மிதிச்சுக்கிட்டு இழுக்க" என்றேன். அவர் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சுருட்டிக் கையில் வைத்தார். கப்பி வாங்கிக் கதவு நிலைக்கு மேலே கொக்கி அடித்து மாட்டினேன். கயிற்றின் ஒரு முனையில் பை, ஒரு முனையில் நான். இரண்டு செங்கல்லை அடுக்கித் துணி சுற்றி ஏறி இறங்கப் படி செய்தேன். பக்கத்துத் தெருவில் கட்டடம் எழும்புகிறது. காவல்காரர் இரண்டு சாக்கு மணல் தந்தார். காய வைத்துச் சலித்தேன்.

மணல் பைக்குத்தான் துணி கிடைக்கவில்லை. புடவைத் துணி தாங்காது. மாவுச் சாக்கு மணலைக் கசியவிடும். கெட்டித் துணி ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அவருடைய வேலை பேன்ட். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வெட்ட மனம் வரவில்லை. அப்புறம் தோன்றியது, வெட்டவே வேண்டாமே. இரண்டு கால் நுனியையும் மூட்டை வாய் தைக்கிற மாதிரித் தைத்தேன். உள்ளே மாவுச் சாக்கை உறையாக விட்டேன். இடுப்பு வழியாக மணல் போட்டுச் சாக்கு வாயைக் கட்டினேன். பெல்ட் மாட்டுகிற காதுகளைச் சணல் நூலால் இரட்டைத் தையல் போட்டுவிட்டேன், அதுதான் கைப்பிடி.

மில்லில் மாவு அளக்கிற இரண்டு கிலோ டப்பா ஒன்று வீட்டில் இருக்கிறதே, அதால்தான் மணலை அளந்தேன். தலைதட்டி ஒரு டப்பா, ஏமாற்றவில்லை. பாதி பாதியாக இரண்டு காலிலும் போட்டேன்.

தூக்கினேன் அண்ணி. வெறும் இரண்டு கிலோ. நெஞ்சு வரை கொண்டுவருவதற்குள் கட்டில் மேல் போட்டுவிட்டேன். இவ்வளவுதானா நான் என்று உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் மறுபடி தூக்கினேன்.

---

ஏப்ரல் 21

பேன்டை வெட்டாமல் தைத்தது நல்லது. உன் புத்தி எனக்கு வந்திருக்காது. மனுஷ உடம்பு மூட்டை மாதிரி அடங்கி இருக்காது. கால் ஒரு பக்கம் தொங்கும், இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். நீ செய்திருப்பது அதே மாதிரித் தொங்கும். அதையே தூக்கு.

கடிதத்தை மகாராணிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"அம்மா, எனக்குத் தங்கச்சி வேணும்னு எத்தனை தடவ கேட்டேன்! இப்பத்தான் பெத்திருக்க. மணல் தங்கச்சி. அவளுக்கும் கால் நிக்காது, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அப்பா பேன்ட அவளுக்கு மட்டும் போட்டுட்ட, இது ஓரவஞ்சனை. அத்தை வீட்டு ஜன்னல்ல ஒரு புறா வருது. மாமா என்னைத் தூக்கும்போது 'அம்மாடி, ஐயோடி'ன்னு பாட்டு பாடறார். சீக்கிரம் வா."

இதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை.

உன் நாத்தனார்

---

ஜூன் 18

அண்ணிக்கு,

ஒரு அதிசயம் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது.

நேற்று ஜாக்கெட் போடும்போது கை மாட்டவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால், தோளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று உருண்டு நிற்கிறது. கட்டியோ என்று பயந்து அமுக்கினேன். வலிக்கவில்லை. கையை மடக்கினால் வருகிறது, நீட்டினால் போய்விடுகிறது. மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, வேலைக்கு நேரமாகிவிட்டது. இது எங்கே இருந்தது இத்தனை நாள்? யார் உள்ளே வைத்தது? நான் பாட்டுக்குக் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஓட்டை ட்யூப்பை இழுத்துக்கொண்டு இருக்கிறேன். அது பாட்டுக்கு உள்ளே இருட்டில் வேலை பார்த்திருக்கிறது.

அழுதால்கூட இப்போது வேறு மாதிரி இருக்கிறது. முன்பு அழுதால் அப்படியே கிடப்பேன். இப்போது அழுதுகொண்டே செங்கல்லில் ஏறி இறங்குகிறேன்.

நான்காவது டப்பா போட்டிருக்கிறேன். எட்டு கிலோ. கதவில் மாட்டிய கொக்கி பிடுங்கிக்கொண்டு விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். கட்டிலில் அவர் பேன்ட் மணலோடு காலை நீட்டிப் படுத்திருக்கிறது. "யாருடி அது?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் சின்னவ" என்றேன். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, பாவம்.

---

ஜூலை 12

எட்டு கிலோ நல்லதுதான். ஆனால் உனக்குத் தெரிய வேண்டியதை மறைக்க மாட்டேன். மகாராணியை மறுபடி எடை போட்டேன். முப்பத்து மூன்று. சட்டை எல்லாம் குட்டை. அவள் உனக்காகக் காத்துக்கொண்டு வளராமல் இருக்க மாட்டாள்.

இங்கே ஒன்றும் குறையில்லை அவளுக்கு. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் முதலில் அவளிடம்தான் போகிறார். எங்களுடையது பிள்ளை இல்லாத வீடு. இப்போது எங்களைக் கூப்பிட ஒரு குரல் இருக்கிற வீடாகிவிட்டது. இதையும் மறைக்கவில்லை.

உன் நாத்தனார்

---

ஆகஸ்ட் 20

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை மகாராணிக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஆறாவது டப்பாவோடு நின்றுவிட்டேன். தொடை வரை மணல் நிறைந்துவிட்டது. கட்டிலிலிருந்து தூக்குகிறேன், நாற்காலி வரை நடக்கிறேன், இறக்குகிறேன். மறுபடி தூக்குகிறேன். அதற்கு மேல் ஒரு பிடி போட்டாலும் முழங்கால் ஒடிந்துவிடும் போல இருக்கிறது. ஆறு டப்பா என்றால் பன்னிரண்டு கிலோ. அவள் முப்பத்து மூன்று. இத்தனை மாதம் நாய் மாதிரி உழைத்தும் பாதிகூட வரவில்லை. இனி வராது. எல்லா உடம்புக்கும் ஒரு எல்லை இருக்கும் போலிருக்கிறது, என் எல்லை இவ்வளவுதான்.

நீங்கள் பிள்ளை இல்லாத வீடு என்று எழுதியதைப் பல முறை படித்தேன். அவளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தாங்குகிற இடத்தில் அவள் இருக்கட்டும். இன்னொரு முறை அவள் என் கையிலிருந்து விழுந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

பேன்டைப் பிரித்து மணலைக் கொட்டிவிடப் போகிறேன். அவர் துணி அவர் துணியாகவே இருக்கட்டும்.

---

ஆகஸ்ட் 31

தம்பி பெண்டாட்டிக்கு,

கொட்டாதே. கொட்டியிருந்தால் அள்ளிப் போடு.

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிவிட்டது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். "அவளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெற்றவளே எழுதிவிட்டாள். நான் பேசாமல் இருந்துவிட்டால் போதும். என் வீட்டுக்காரரும் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். ஆனால் ஜன்னலோரம் அவள் புறாவிடம், "எங்க அம்மா மணல் தங்கச்சிய தூக்கிப் பழகுறாங்க, அப்புறம் நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

இன்றைக்கு ஹாலைத் துடைக்கும்போது அங்கே இருக்கிற மணல் பையைக் கையில் எடுத்தேன். மேலே இரண்டு கிலோ என்று எழுதியிருக்கிறது. தினமும் எடுத்து வைக்கிற பைதான், இன்றைக்குத்தான் பார்த்தேன். என் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிட்டது. அவ்வளவு சின்னது. அப்படியானால் பன்னிரண்டு கிலோ என் தம்பி பேன்டில் எங்கே இருக்கும்? முழங்காலைக்கூடத் தொடாது. நீ தொடை வரை நிறைந்தது என்கிறாய்.

அந்த டப்பா மாவு டப்பாதானே? மாவு பொசுபொசுவென்று இருக்கும், இடத்தை அடைக்கும், கனம் இருக்காது. அதில் மணலைத் தலைதட்டிப் போட்டால் அது எப்படி இரண்டு கிலோ ஆகும்?

நான் படித்தவள் இல்லை. தப்பாகவும் இருக்கலாம். மில்லில் எடை மேடை இருக்கிறது. போய் எடை போட்டுப் பார். உடனே எழுது.

---

செப்டம்பர் 9

அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேன்டைத் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். அவ்வளவு தூரம் நடந்ததுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. எடைக்காரர் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, யாரைப் போட்டுத் தூக்கிட்டு வர்ற?" என்றார். மேடையில் வைத்தேன். அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முப்பத்து நாலு."

"உங்க மேடை கெட்டுப்போச்சு அண்ணே."

"எது, என் மேடையா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முத்திரை போட்ட மாவு மூட்டை ஒன்றைத் தூக்கிவரச் சொல்லி வைத்தார். எவ்வளவு எழுதியிருந்ததோ அவ்வளவு காட்டியது. மறுபடி பேன்டை வைத்தார். முப்பத்து நாலு.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லாம் சுற்றி வந்து நின்றார்கள். "இவங்களா தூக்குறாங்க?" என்று ஒருவர் கேட்டார். எடைக்காரர், "தூக்கிக் காட்டும்மா" என்றார். எழுந்தேன். முழங்காலை மடக்கினேன். நெஞ்சோடு அணைத்தேன். தூக்கினேன். என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கிலோ தூக்க முடியவில்லை என்று அன்றைக்கு அழுதேனே, அது ஏறக்குறைய ஆறு கிலோவாம். சாப்பாடு இல்லாமல், தூக்கம் இல்லாமல், அதைத் தூக்கியிருக்கிறேன். பன்னிரண்டில் நின்றுவிட்டேன் என்று உங்களுக்கு எழுதியபோது என் மகளையே தூக்கிக்கொண்டு கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். தெரியாமல்.

வீட்டுக்கு வந்து, அவர் போட்டோ முன்னால் நின்று கேட்டேன். "இதுவா பஞ்சு?" இந்தக் கனத்தை நான் தூக்குவதற்கு எத்தனை மாதம் ஆனது, எத்தனை முறை கட்டில் மேல் போட்டேன். அவர் மில்லில் நாளெல்லாம் சுமந்துவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், வழி விடுங்க வழி விடுங்க என்று சிரித்துக்கொண்டே தூக்கினாரே. அந்தப் பதிமூன்று வருஷமும் அதே வீட்டில்தான் இருந்தேன். பக்கத்திலேயே இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது. நான் தைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அண்ணி, நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

நான் வருகிறேன்.

---

அக்டோபர் 4

தம்பி பெண்டாட்டிக்கு,

போய்ச் சேர்ந்தீர்களா? வீடு ஓவென்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றார். புறாதான் இருந்தது. "அம்மாடி ஐயோடி" என்று அதனிடம் பாடிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

யாரும் கை கொடுக்க மாட்டோம் என்று எழுதியது நான்தான். அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ அவள் முன்னால் நின்று முழங்காலை மடக்கியதும் என் வீட்டுக்காரர் தன்னை அறியாமல் கையை நீட்டினார். அந்தக் கையில் ஒன்று போட்டேன். என் கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையில் சுற்றி இறுக்கிக்கொண்டேன். நீ தூக்கினாய். எனக்கு என் தம்பி முதுகு தெரிந்தது. அதே சாய்வு, அதே கால் அகலம். யாரிடம் கற்றாய்? அவன் உனக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே. கனம்தான் அவனுக்கும் உனக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறது.

வாசல் படியில் நீ நின்றுவிட்டாய். என் உயிர் என்னிடம் இல்லை. நழுவுகிறது என்றே நினைத்தேன். நீ அவள் காதில் என்னமோ சொன்னாய், அவள் உன்னிடம் என்னமோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தீர்கள். அப்புறம் இறங்கினாய். என்ன சொன்னாய்? அது தெரியாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அன்றைக்கு வண்டிக் கதவில் நான் சொன்ன வார்த்தையை நான் திரும்ப எடுக்க முடியாது. நீ கீழே போட்டுவிடு.

உன் நாத்தனார்

---

நவம்பர் 2

அண்ணிக்கு,

போட்டுவிட்டேன். அது எங்கே விழுந்தது என்றுகூட இப்போது தெரியவில்லை.

படியில் நான் நின்றதற்குக் காரணம் கனம் இல்லை. கனத்தைக் காணோம். அதுதான் பயந்து நின்றேன். மணல் என்னைப் பிடித்துக்கொண்டதே இல்லை அண்ணி. நான்தான் அதைப் பிடிக்க வேண்டும், விட்டால் விழும். இவள் இரண்டு கையையும் என் கழுத்தில் போட்டு இறுக்கிக்கொண்டாள். பிடித்துக்கொள்கிற உயிருக்கும் பிடித்துக்கொள்ளாத மணலுக்கும் இவ்வளவு வித்தியாசமா? அந்த ஆச்சரியத்தில்தான், "பஞ்சு மூட்டைடி நீ" என்றேன்.

அதற்கு அவள், "பொய் சொல்லாதம்மா. அப்பாவும் இப்படித்தான் மூச்சு வாங்கிக்கிட்டே சொல்வார்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நெஞ்சோடு நெஞ்சாக இருந்தவளுக்கு அவர் மூச்சு கேட்காமல் இருக்குமா? தெரிந்தும் பஞ்சு மாதிரியே இருந்து கொடுத்திருக்கிறாள். அவர் அவளுக்காகச் சிரித்தார், அவள் அவருக்காகச் சிரித்தாள். நடுவில் நான் ஒருத்திதான் உண்மை என்று நம்பிக்கொண்டு இருந்தேன். அதுதான் சிரித்தோம்.

மணல் தங்கச்சியைக் கொட்ட அவள் விடவில்லை. "நான் வளர்ந்தா அவளும் வளரணும், இல்லன்னா நீ என்னை விட்டுருவ" என்கிறாள். மில் எடை மேடையில் இவளை நாற்காலியோடு எடை போட்டு, நாற்காலி எடையைக் கழித்து, கூடியிருக்கிற அளவுக்குப் பேன்டில் மணல் போடுகிறோம். அவள்தான் போடுகிறாள். மாவு டப்பாவை என் கண்ணில் காட்டுவதே இல்லை.

இன்னொன்று எழுத வேண்டும். கப்பியைப் பார்த்துவிட்டு, "எனக்கு?" என்றாள். மில்லில் இருந்து அந்தப் பெரியவர் வந்து, இவள் கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் இரும்பு வளையம் அடித்து, கயிற்றில் விளக்குமாற்றுக் கழியைக் கட்டித் தொங்கவிட்டார். தான் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் இவள் கையில் கொடுத்தார். தினமும் பிடித்து இழுப்பாள். முகம் சிவக்கும். ஒன்றும் நடக்காது. நான் பார்க்காத மாதிரி தைத்துக்கொண்டிருப்பேன்.

இன்று காலை, "அம்மா, இங்க வா. கைய என் முதுகுக்கு அடியில விடு" என்றாள். எப்போதும் போல் தூக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று முழங்காலை மடக்கிக் கையை விட்டேன். கை தடையே இல்லாமல் அந்தப் பக்கம் போய்விட்டது. கழியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் மேலே இருந்தாள். கட்டில் கீழே இருந்தது. நடுவில் என் கை நுழைகிற அளவு இடம்.

உள்ளங்கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். எதுவும் படவில்லை. அந்த இடத்தில் அவளை யாருமே தூக்கவில்லை அண்ணி.

உங்கள் தம்பி மனைவி